ஐன்ஸ்டீனும் பரீட்சையும்

பரீட்சைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நமது மாணவர்களிடையே ஒரு கதை தவறாமல் பிரஸ்தாபத்துக்கு வருகிறது. பேராசிரியர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் இளமையில் கணிதத்தில் தோல்வியுற்றவர். கலாசாலையில் வகுப்புகளுக்கே போகாதவர். அப்படியிருந்தும் உலகம் வியக்கும் மேதையானார். ஆகவே நாமும் கடைசிப் பதினைந்து நாட்களில் யாரிடமாவது நோட்டுப் புத்தகம் இரவல் வாங்கி உருப்போட்டால் போதும் என்று அக்கதை முடிகிறது. இதைச் சொல்கிறவர்களில் வெறும் சோம்பேறிகள் சிலர். பொதுக் காரியங்களில் ஈடுபட்டு, கூட்டம், ஊர்வலம், துண்டுப் பிரசுரம் என்று அலைந்து வகுப்புகளைக் கைவிட்ட நல்ல வாலிபர்கள் பலர். பின்னவர்களிடம் நமக்கு வாஞ்சை உண்டு. அதனாலேயே அக்கதையில் எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்டுவது நமது கடமை என்று எண்ணுகிறோம். கணிதத்தில் தோற்றார் என்பது பொய். வகுப்புக்குப் போகவில்லை என்பது பெரும்பாலும் மெய். இரவல் நோட்டுப் புத்தகத்தின் உதவியால் தேறினார் என்பதும் மெய். அதன்பின் என்ன நேர்ந்தது என்பதைத்தான் கதை சொல்வோர் விட்டுவிடுகிறார்கள்.

ஐன்ஸ்டீன் ஜெர்மனியிலுள்ள உல்ம் நகரில் 1879-ம் ஆண்டு மார்ச்சு 14-ந் தேதி பிறந்தவர். தகப்பனார் ஹெர்மான் மின்சார யந்திரத் தொழில் நடத்திப் பலமுறை நஷ்டப்பட்டவர். பிள்ளை பன்னிரண்டாம் வயதில் ஒரு க்ஷேத்திர கணிதப் புத்தகத்தைக் கையிலெடுத்துத் தானே படித்து முடித்தார். பதினைந்து பதினாறு வயதுக்குள் வகையீடு தொகையீடு முதலிய உயர்தரக் கணிதமும் அவருக்குக் கைவந்துவிட்டது. இப்படிப்பட்டவரைக் கணக்கில் தோற்றவர் என்பது எவ்விதம் பொருந்தும்? தோல்வி ஒன்று நேர்ந்தது உண்டு. 1895-ல், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஸூரிச் நகரிலிருந்த பாலிடெக்னிக் கலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்கு அவர் போனார். அங்கே சேருவதற்கு வழக்கமாக இருந்த வயதுக்கு அவர் இரண்டு வயது குறைந்தவர். கணிதத்திலும் பௌதிகத்திலும் நன்றாகவே செய்தார்; பாஷை முதலிய பொதுப் பாடங்களில் தவறிவிட்டார். கலாசாலைத் தலைவர் அவரை விரட்டியடிக்காமல், ஆராவ் என்னும் ஊரின் பள்ளியில் ஒரு வருஷம் படித்துவிட்டு வரும்படி புத்தி சொல்லியனுப்பினார். அந்த ஒரு வருஷத்தை ஐன்ஸ்டீன் தம் ஆயுளின் இன்பமான காலங்களில் ஒன்றாகப் பிற்காலத்தில் நினைத்ததுண்டு. ஜெர்மன் பிரஜா உரிமை தமக்கு வேண்டாம் என்று 1896 ஜனவரியில் துறந்தவரும் இந்தப் பதினாறு வயதுப் பையன்தான். அதன்பின் ஐந்து வருஷ காலம் அவர் எந்த நாட்டுக்கும் பிரஜையல்லாதவராக வாழ்ந்தார் என்பதை நமது வாசகர்கள் கவனிப்பார்களாக.

1896-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் ஸூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் உபாத்தியாயர்களைத் தயார் செய்யும் பிரிவு அது. தாயாரின் உறவினர் மாதம் 100 பிராங்கு அனுப்பி வந்தனர். அதில் 20 பிராங்கை ஸ்விஸ் பிரஜையாவதற்கான கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் வயிறு வளர்த்தார். இதுவும் சொல்ல வேண்டியதே. ஏனெனில் பரீட்சையில் தவறினால் தாங்கிக்கொள்ளப் பின்னால் சொத்து இருந்த குடும்பமல்ல அவருடையது.

அந்தக் கலாசாலையின் கணித ஆசிரியர்கள் சாமானியர்கள் அல்லர். அடால்ப் ஹூர்விட்ஸ் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். ஹெர்மான் மின்கோவ்ஸ்கி பதினெட்டு வயதிலேயே பாரிஸ் விஞ்ஞானச் சங்கத்தின் பெரும்பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். கெய்ஸர் என்பவர் வளைந்த பரப்புகளின் க்ஷேத்திர கணிதத்தைப் போதித்தார். இப்படிப்பட்ட ஆசிரியர்கள் ஒரே கூரையின் கீழ் அமைவது எந்த நாட்டிலும் அபூர்வம். அவர்கள் முன் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாலிபர் காப்பிக் கடையிலும் தமது அறையிலும் இருந்தார்.

ஏன் போகவில்லை? காரணத்தை அவரே முதுமையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கணித சாஸ்திரம் பல கிளைகளாகப் பிரிந்து கிடப்பதையும், அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் ஆயுளையே விழுங்கவல்லது என்பதையும் கண்டு அவர் திகைத்தார். எது மூலமானது, எது பகட்டானது என்று பிரித்தறியும் கண் பௌதிகத்தில் அவருக்கு இருந்தது, கணிதத்தில் இல்லை. பௌதிகத்தின் ஆழத்தை எட்டுவதற்கு மிக நுட்பமான கணிதமே வழி என்பது அந்த வயதில் அவருக்குத் தெரியவில்லை. கணிதத்தை விட்டுவிட்டுச் சும்மா இருந்தாரோ என்றால் அதுவுமில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்ச்சாப், ஹெர்ட்ஸ், போல்ட்ஸ்மன் முதலிய பேராசான்களின் நூல்களைத் தம் அறையில் உட்கார்ந்து தாமே படித்தார். மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே தத்துவத்தில் இணைத்த மாக்ஸ்வெல்லின் கொள்கையைப் பௌதிக ஆசிரியர் வேபர் தம் பிரசங்கங்களில் சேர்க்கவே இல்லை. அதைத் தாமாகத் தேடிப் படித்த மாணவருக்கு ஆசிரியர் மேலிருந்த மதிப்புக் குறைந்தது. ஆசிரியருக்கும் மாணவர் மேல் பிரியம் போயிற்று. பெர்னே என்னும் மற்றோர் ஆசிரியரின் சோதனைச்சாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போகாததால், அந்தப் பாடத்தில் ஆறுக்கு ஒன்று என்ற கடைநிலை மார்க்கும், 1899 மார்ச்சில் கலாசாலைத் தலைவரிடமிருந்து எழுத்து மூலமான கண்டனமும் அவருக்குக் கிடைத்தன. வகுப்பைப் புறக்கணித்து அதைவிடப் பெரிய பாடத்தைப் படித்தவர் அவர் என்பது பௌதிகத்தைப் பொறுத்தவரை சரி. கணிதத்தைப் பொறுத்தவரை அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே அவர் புறக்கணித்ததற்கு ஈடாக வேறெதையும் படிக்கவில்லை.

அந்தக் கலாசாலையின் ஏற்பாடு ஒன்று அவருக்கு அனுகூலமாக இருந்தது. நான்கு வருஷப் படிப்பில் பெரிய பரீட்சைகள் இரண்டே. நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. மாதப் பரீட்சை, பருவப் பரீட்சை என்று மாணவனை ஓயாமல் துரத்தும் முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய சுதந்திரமே. ஆயினும் பரீட்சை வரும்போது இரண்டு வருஷத்துப் பாடம் முழுவதும் ஒரேயடியாகத் தலைமேல் வந்து விழும். வகுப்புக்குப் போகாதவனுக்கு அந்தச் சில மாதங்களில் புத்தகமும் போதாது. ஏனெனில் ஹூர்விட்ஸும் மின்கோவ்ஸ்கியும் என்ன சொன்னார்கள், எந்த வரிசையில் சொன்னார்கள், எந்த நிரூபணத்தை எவ்வழியில் கொண்டுபோனார்கள் என்பது அச்சிட்ட புத்தகத்தில் இராது. வகுப்பில் இருந்தவனுடைய குறிப்பில்தான் இருக்கும்.

அந்தக் குறிப்பை வைத்திருந்தவர் மார்ஸெல் கிராஸ்மன். உலகம் அதிகம் அறியாத இந்தப் பெயரை நமது வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர் 1878-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, பதினைந்தாம் வயதில் ஸ்விட்ஸர்லாந்துக்கு வந்த பழைய ஸ்விஸ் குடும்பத்துப் பிள்ளை. ஐன்ஸ்டீனைவிட ஒரு வயது மூத்தவர். எந்த வகுப்பையும் தவறவிடாதவர். ஆசிரியர்களிடம் நல்ல பெயரெடுத்தவர். உடையிலும் பேச்சிலும் ஒழுங்கானவர். வகுப்பில் அவசரமாக எடுத்த குறிப்புகளை வீட்டுக்குப் போய்த் திருத்தி, அப்படியே அச்சுக்கு அனுப்பலாம் என்று சொல்லத்தக்க விதத்தில் நேர்த்தியாக எழுதி வைப்பது அவர் வழக்கம். இப்படிப்பட்டவருக்கும், கலைந்த தலையோடு திரிந்து ஆசிரியர்களின் வெறுப்பைச் சம்பாதித்த ஐன்ஸ்டீனுக்கும் எப்படிச் சிநேகம் உண்டாயிற்று என்று கேட்கத் தோன்றும். லிம்மாட் நதிக்கரையிலிருந்த மெட்ரோபோல் என்னும் காப்பிக் கடையில் இருவரும் வாரந்தோறும் சந்தித்துப் பேசுவார்கள். பேச்சு பாடத்தைப் பற்றி மட்டுமல்ல. கண் திறந்த வாலிபர்களுக்கு அக்கறையுள்ள எல்லாவற்றையும் பற்றியும் இருக்கும். அந்தச் சம்பாஷணைகளில் கிராஸ்மன் தம் நண்பர் யார் என்பதைக் கண்டுகொண்டார். ஆசிரியர்களில் ஒருவருக்கும் புலப்படாதது இருபது வயது சகபாடிக்குப் புலப்பட்டது.

நோட்டுப் புத்தகங்கள் கைமாறின. நல்ல மாணவர்களில் அநேகர் தம் குறிப்புகளைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். பரீட்சை மார்க்கு வரிசையில் தம்மை மிஞ்சக்கூடியவருக்கே கிராஸ்மன் தம் முழுப் பிரயாசையையும் தூக்கிக் கொடுத்தார். 1898 அக்டோபரில் நடந்த நடுப் பரீட்சையின் முடிவு வெளிவந்தபோது, ஆறு மார்க்குக்கு 5.7 வாங்கி ஐன்ஸ்டீன் முதல்வராகத் தேறியிருந்தார். கிராஸ்மனுக்கு 5.6, இரண்டாமிடம். இரவல் வாங்கியவர் இரவல் கொடுத்தவரை மிஞ்சிவிட்டார். இதனால் சிநேகத்தில் ஒரு கீறலும் விழவில்லை.

கடைசி நேரப் படிப்பு என்பது என்ன என்று வக்கீல் தொழிலிலுள்ள எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்சிக்காரர் கொண்டுவந்த கட்டை முதல் நாள் இரவு அவிழ்த்து, விடியுமுன் விஷயத்தைக் கிரகித்து, காலையில் நீதிபதி முன் பிறந்தது முதல் அதையே படித்தவர்போல் நின்று வாதாடிவிட்டு, மூன்றாம் நாள் கட்சிக்காரரின் பெயரைக்கூட மறந்துவிடுகிற தொழில் எங்களுடையது. அது ஒரு திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்விதம் ஏற்றியது எவ்வளவு வேகமாக இறங்கிவிடுகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். கூரிய புத்தியுள்ளவன் மற்றொருவனுடைய குறிப்பிலிருந்து நிரூபணத்தின் போக்கைப் பற்றிக்கொண்டு அதைத் திரும்பச் சொல்லிவிடலாம். அந்த நிரூபணம் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது, அடுத்து எங்கே போகும் என்பது, வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியரோடு கூடத் தடுமாறியவனுக்கே ரத்தத்தில் ஊறும்.

முடிவுப் பரீட்சை 1900-ம் ஆண்டு கோடைக்காலத்தில் நடந்தது. பரீட்சைக்கு நின்றவர்கள் ஐவர். கணிதப் பகுதியில் கொல்ரோஸ், கிராஸ்மன், ஏராட் என்னும் மூவர். பௌதிகப் பகுதியில் ஐன்ஸ்டீனும், ஸெர்பிய வம்சத்துப் பெண்மணியான மிலேவா மாரிச்சும். பௌதிகப் பகுதியில் நின்றவர்களுக்கும் கணிதத்திலிருந்து தப்பித்துக்கொள்ள வழியில்லை. சார்புக் கோட்பாடு என்னும் கடினமான பாடம், அதாவது கற்பனை எண்களையும் சேர்த்துக் கொண்ட மாறிகளின் கணிதம், அவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மார்க்கும் இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டது. ஐன்ஸ்டீன் மறுபடியும் கிராஸ்மனின் நோட்டுப் புத்தகங்களுக்கு முன் உட்கார்ந்தார். மனச்சாட்சி உறுத்தத்தான் செய்தது. சில மாதம் உறுத்தலைப் பொறுத்துக்கொள்வது மூன்று வருஷம் வகுப்பில் கட்டுண்டு கிடப்பதைவிட மேல் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

முடிவு இது: கொல்ரோஸுக்கு 5.45, கிராஸ்மனுக்கு 5.24, ஏராட்டுக்கு 5.14, ஐன்ஸ்டீனுக்கு 4.91. தேறிய நால்வரில் அவர் கடைசி. ஆனால் பாடவாரியாக மார்க்குகளைப் பார்த்தால் ஒரு விந்தை தென்படுகிறது. வாழ்நாளெல்லாம் நேசித்த பௌதிகத்தில் அவருக்குக் கிடைத்தது 5. பட்டத்துக்கென எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிடைத்தது 4.5. இரவல் குறிப்பிலிருந்து கடைசி மாதங்களில் ஏற்றிக்கொண்ட கணிதத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக, 5.5. பரீட்சகர்கள் அவரைக் கணிதம் அறிந்தவர் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

மிலேவா அம்மையாரின் கதி வேறாயிற்று. அவருக்கு மொத்தத்தில் 4.00; பட்டம் கிடைக்கவில்லை. செயல்முறைப் பௌதிகத்தில் அவரும் ஐன்ஸ்டீனும் சமமான மார்க்கே பெற்றார்கள். அவரைக் கவிழ்த்தது அந்தச் சார்புக் கோட்பாடு ஒன்றே. அதில் அவருக்குக் கிடைத்தது 2.5. இருவரும் சேர்ந்து படித்தவர்கள். 1901-ல், கருவுற்றிருந்த நிலையில், அம்மையார் மறுபடியும் பரீட்சைக்குப் போய் மறுபடியும் தவறினார். பின்னர் 1903-ல் ஐன்ஸ்டீனை மணந்தார்; சாஸ்திர உலகில் தமக்கென்று ஒரு ஸ்தானம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. பெண்கள் கலாசாலைப் படியேறுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஸெர்பிய நாட்டுப் புறத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த ஒருவரின் வாழ்வு ஒரு பாடத்தின் மார்க்கில் திரும்பிவிட்டது. கடைசி நேரப் படிப்பின் மகிமையைப் பாடுகிறவர்கள் தேறிய ஐன்ஸ்டீனைப் பார்க்கிறார்களே தவிர, அதே அறையில் அதே பரீட்சைக்கு நின்று தவறியவரை நினைப்பதில்லை.

தேறியவருக்கும் பரீட்சை சும்மா விடவில்லை. அந்தப் படிப்பின் பலவந்தம் அவர் மனத்தில் உண்டாக்கிய அருவருப்பினால், முடிவுப் பரீட்சைக்குப் பின் ஒரு வருஷ காலம் எந்தச் சாஸ்திரப் பிரச்னையை நினைப்பதும் அவருக்குக் கசந்தது. இருபத்தொரு வயதில் ஐன்ஸ்டீனுக்குச் சாஸ்திரம் கசந்தது என்றால், வேண்டாத பாடத்தை அவசரமாய் விழுங்குவது சாதாரண மாணவனை என்ன செய்யும் என்று நமது கல்வியதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

உத்தியோகமும் கிடைக்கவில்லை. மற்ற மூவரையும் கலாசாலை துணையாசிரியர்களாக எடுத்துக்கொண்டது, ஐன்ஸ்டீனை வேண்டுவாரில்லை. ஹூர்விட்ஸுக்கு விண்ணப்பம் எழுதினார். கணித ஆராய்ச்சி வகுப்பில் தாம் கலந்துகொள்ளவில்லை என்பதை அந்த விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலை அகப்படவில்லை. லைப்ஸிக், லெய்டன் முதலிய இடங்களின் பேராசிரியர்களுக்கும் எழுதினார், பலனில்லை. விண்டர்தூரிலும் ஷாப்ஹௌஸனிலும் தற்காலிக உபாத்தியாயராக நாள் தள்ளினார். இந்த அவல நிலையைக் கேள்விப்பட்டுக் கைகொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் கிராஸ்மன்தான். தம் தகப்பனாரிடம் சொல்லி, பெர்ன் நகரிலிருந்த பேடண்ட் காரியாலயத்தின், அதாவது புது யந்திரங்களைக் கண்டுபிடிப்போருக்கு உரிமைச் சாஸனம் வழங்கும் ஆபீஸின், தலைவருக்குச் சிபார்சு செய்வித்தார். அதன் பயனாக 1902 ஜூன் மாதத்தில், வருஷத்துக்கு 3,500 பிராங்கு சம்பளத்தில், மூன்றாம் வகுப்பு நிபுணர் என்ற உத்தியோகம் ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்தது. அந்த மேஜையிலிருந்துதான் 1905-ம் ஆண்டின் உலகப் பிரசித்தி பெற்ற கட்டுரைகள் பிறந்தன. அதே ஆண்டில் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சி நூலை அவர் கிராஸ்மனுக்குச் சமர்ப்பணம் செய்தார். கடனைத் தீர்த்தாயிற்று என்று எண்ணியிருந்தாராயின், பெரிய கடன் இனிமேல்தான் வரவிருந்தது.

1905-ம் ஆண்டுச் சார்புநிலைத் தத்துவத்துக்கு ஆழ்ந்த கணிதம் தேவைப்படவில்லை. தைரியமான சிந்தனையே போதுமானதாயிருந்தது. அதைக் கண்டு மிகவும் வியந்தவர் பழைய ஆசிரியர் மின்கோவ்ஸ்கி. அப்போது அவர் ஜெர்மனியில் கெட்டிங்கன் ஸர்வகலாசாலையில் இருந்தார். தம் வகுப்பில் கணிதத்தைச் சட்டை செய்யாது திரிந்த அந்தச் சோம்பேறி மாணவனா இதை எழுதினான் என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். ஆச்சரியத்தோடு நிற்கவில்லை. காலத்தையும் இடத்தையும் நான்கு பரிமாணங்களுள்ள ஒரே பொருளாகச் சேர்த்து, மாணவரின் தத்துவத்துக்குக் கணித ரூபம் கொடுத்து, 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் பிரசங்கம் செய்தார். முதலில் ஐன்ஸ்டீனுக்கு அது அநாவசியமான பாண்டித்தியமாகப் பட்டது. ஆசிரியரிடம் போய்க் கேட்டுத் தெளிந்துகொள்ளவும் காலம் இடங்கொடுக்கவில்லை. மின்கோவ்ஸ்கி 1909 ஜனவரியில், நாற்பத்துநான்காம் வயதில், திடீரென்று நோய் கண்டு இறந்துபோனார்.

இதற்கிடையில் ஐன்ஸ்டீனின் மனம் புவியீர்ப்பில் இறங்கியிருந்தது. தடையின்றி விழுகிற மனிதன் தன் கனத்தை உணரமாட்டான் என்ற எளிய எண்ணம் 1907-ல் அவருக்கு உதித்தது. அதைப் பின்பற்றிப் போகப் போக, ஈர்ப்பு என்பது காலமும் இடமும் சேர்ந்த அந்த நான்கு பரிமாணப் பரப்பின் வளைவே என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் வழி அடைத்துக்கொண்டது. சமதளத்தில் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகையாகும். பூகோளத்தின் மேல் வரைந்தால் அதற்கு மேற்படும். இத்தகைய வளைவுகளை வெளியிலிருந்து பாராமல் பரப்பின் மேலேயே நின்று அளக்கும் வழியை 1827-ல் கௌஸ் காட்டினார். 1854-ல் ரீமன் அதை எத்தனை பரிமாணங்களுக்கும் விரித்தார். 1900-ஐ ஒட்டி இத்தாலியர்களான ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் அதைக் கணக்கிடும் கருவியாகவே செய்து அச்சிட்டு விட்டார்கள். ஸூரிச்சில் ஐன்ஸ்டீன் பரீட்சை கொடுத்த சமயத்தில் அவருக்கு வேண்டிய கருவி உலகில் தயாராகிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். அவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. கெய்ஸரின் பிரசங்கங்களில் கேட்ட கௌஸின் தத்துவம் மட்டும் நிழல்போல் நினைவிலிருந்தது. சார்புக் கோட்பாட்டில் வாங்கிய 5.5 மார்க்கு இங்கே ஓர் அடிகூட நகர உதவவில்லை.

1912-ல் அவர் பழைய கலாசாலைக்கே பேராசிரியராகத் திரும்பினார். அந்த அழைப்புக்காக முன்னின்றவரும் கிராஸ்மனே. அவர் அப்போது அங்கே க்ஷேத்திர கணிதப் பேராசிரியராகவும் கணித பௌதிகப் பகுதியின் தலைவராகவும் இருந்தார். ஊர் வந்து சேர்ந்த ஐன்ஸ்டீன் நேரே அவரிடம் போய் உதவி கேட்டார். கிராஸ்மன் நூல்நிலையத்துக்குப் போய்த் தேடி, ரீமனும் ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் செய்து வைத்திருப்பதே நண்பருக்கு வேண்டிய பொருள் என்று கண்டு சொன்னார். பௌதிகத்துக்குத் தாம் பொறுப்பேற்க மாட்டேன் என்ற நிபந்தனையின் பேரில் கூட்டுவேலைக்கும் இசைந்தார். முப்பத்துமூன்று வயதில், உலகம் மதிக்கும் பேராசிரியர், பதினெட்டு வயதில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெஞ்சியில் உட்கார்ந்தார். கணிதத்தின் மேல் தமக்கு மிகப் பெரிய மரியாதை பிறந்துவிட்டது என்றும், அதன் நுட்பமான பகுதிகளை வெறும் ஆடம்பரம் என்று இதுவரை பேதைமையால் கருதியிருந்ததாகவும் அவ்வாண்டு ஒரு நண்பருக்கு அவர் எழுதினார். அந்த மாதங்களில் அவர் கணக்குப் போட்ட நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. வளைவைக் குறிக்கும் அந்தப் புதிய குறியீடு முதல்முதலாக வரும் பக்கத்தில் கிராஸ்மன் என்ற பெயர் ஐன்ஸ்டீனின் கையெழுத்தில் காணப்படுகிறது.

1913-ல் இருவரும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். பௌதிகப் பகுதி ஐன்ஸ்டீனுடையது. கணிதப் பகுதி கிராஸ்மனுடையது. அதிலிருந்த ஈர்ப்புச் சமன்பாடுகள் பிழையானவை. சரியான சமன்பாடுகளுக்கு மிகச் சமீபத்தில் அந்த நோட்டுப் புத்தகத்திலேயே வந்துவிட்டு, அவற்றைக் கைவிட்டிருந்தார்கள். மறுபடியும் அங்கே வந்து சேர ஐன்ஸ்டீனுக்கு ஏறக்குறைய மூன்று வருஷமாயிற்று. இந்தத் தாமதம் முழுவதற்கும் பழைய வகுப்புகளைத் தவறவிட்டதே காரணம் என்று நாம் வாதாட வரவில்லை. பௌதிகத்திலும் அவருக்கு அப்போது தெளியாத சந்தேகங்கள் இருந்தன. ஆயினும் 1915-ம் ஆண்டு நவம்பரில், பெர்லின் விஞ்ஞானச் சங்கத்தின் முன் வாரத்துக்கு ஒரு கட்டுரையாக நான்கு கட்டுரைகளைப் படித்து, 25-ந் தேதி முடிவான சமன்பாடுகளை அவர் எட்டியபோது, கெட்டிங்கனில் ஹில்பர்ட் என்னும் மாபெரும் கணித மேதையும் அதே சமன்பாடுகளை நோக்கி விரைந்துகொண்டிருந்தார். கணிதத்தில் ஊறிய ஒருவர் பக்கத்துப் பாதையில் ஓடி வரும் காலடி ஓசை அந்த நான்கு வாரமும் ஐன்ஸ்டீனின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

கிராஸ்மனின் பிற்காலம் துயரமானது. 1910-ல் ஸ்விஸ் கணிதச் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான அவரை நரம்புகளைச் சிறுகச் சிறுகச் செயலற்றவையாக்கும் கொடிய வியாதி பற்றிக்கொண்டது. 1927-ல் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். அந்த நிலையிலும் அவர் முகஸ்துதி செய்பவரல்லர். ஐன்ஸ்டீன் பின்னால் வெளியிட்ட ஒரு புதுக் கொள்கை கணித ரீதியில் தவறு என்று 1931-ல் பகிரங்கமாகவே எழுதினார். 1936-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ஸூரிச்சில் காலமானார். ஹிட்லரின் ஆட்சியால் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போய்விட்டிருந்த ஐன்ஸ்டீன், நண்பரின் மனைவியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிழையற்ற மாணவராக இருந்த கிராஸ்மனையும், ஒழுங்கற்றுக் கனவு கண்டு திரிந்த தம்மையும் அதில் ஒப்பிட்டு, படிப்பு முடிந்தபின் எல்லோராலும் கைவிடப்பட்டு நின்ற நாளில் துணை நின்றவர் அவர் ஒருவரே என்று நினைவுகூர்ந்தார்.

1955-ல் அந்தப் பழைய பாலிடெக்னிக் நூறாம் ஆண்டு விழாக் கொண்டாடியது. அதற்கென்று ஒரு நினைவுக் கட்டுரை கேட்டார்கள். எழுபத்தாறு வயதான ஐன்ஸ்டீன் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சில பக்கங்கள் எழுதியனுப்பினார். தாம் அடைந்த கௌரவங்களைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. காப்பிக் கடையையும், நேர்த்தியான அந்தக் குறிப்புகளையும், அவை இல்லாவிடில் தம் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் விரும்பாததையும், 1912-ல் அதே நண்பரிடம் திரும்பிச் சென்றதையும் எழுதினார். கிராஸ்மனுக்குத் தாம் பட்டிருக்கும் நன்றியை ஆயுளில் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டுமென்ற எண்ணமே அக்கட்டுரையை எழுதத் துணியச் செய்தது என்று முடித்தார். அடுத்த மாதம் 18-ந் தேதி பிரின்ஸ்டன் நகரில் அவர் உயிர் பிரிந்தது. கிராஸ்மனின் நோட்டுப் புத்தகங்கள் ஸூரிச் கலாசாலையின் நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன.